மேற்குப் பார்த்த நாலறை வீடு: சன்னல்களுக்குத் துணித் திரையா, பிளைண்டா?

பதினாறாம் மாடி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில் மறுவிற்பனை நாலறை வீடொன்றை வாங்கிப் புதுப்பிப்புப் பணியைத் தொடங்கியிருக்கிறோம். கூடமும் இரண்டு படுக்கையறைகளும் மேற்குப் பார்த்தவை. மூன்றாவது அறையின் சன்னல் பொதுத் தாழ்வாரத்தை ஒட்டியிருக்கிறது, சமையலறை கிழக்கே. கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வயது மகனும், குளிர்சாதனக் காற்று பட்டாலே முழங்கால் வலிக்கிறது என்று நாளெல்லாம் சன்னலைத் திறந்து வைக்கும் என் மாமியாரும் பகலில் வீட்டில் இருப்பார்கள்.

திரை விற்பவர் ஒருவர் வீட்டைப் பார்க்காமலேயே, நாலறை வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைச் சொன்னார். எல்லாச் சன்னலுக்கும் வெளிச்சத்தை அறவே மறைக்கும் ஒரே பிளாக்அவுட் துணி, அலை அலையாக விழும் ஒரே எஸ்-ஃபோல்டு மடிப்பு, நிறம் மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாமாம். கணவருக்கு, ஒளி புகும் பட்டையும் மறைக்கும் பட்டையும் மாறி மாறி வரும் ஸீப்ரா பிளைண்ட் பிடித்திருக்கிறது. எனக்குத் துணித் திரைதான் வீட்டுக்கு வீடு என்ற களையைத் தரும் என்று தோன்றுகிறது. எங்கள் சன்னல்களுக்கு நேரெதிரே இன்னொரு புளோக் நிற்கிறது. அங்கே சோறு பரிமாறுவதுகூட இங்கிருந்து தெரிகிறது என்றால், இங்கே நடப்பது அங்கே எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நிழல்நாடி எழுதியது:

கட்டட வரைபடங்களோடு முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். துணியா பிளைண்டா என்ற கேள்வியை ஒரு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். பணி நடக்கும் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் போய், ஏழு மணிவரை ஒவ்வொரு சன்னலின் முன்னும் நின்று பாருங்கள். வெயில் தரையில் எந்த இடம்வரை வருகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, எதிர் வீட்டுக்காரரின் கண் எங்கே வந்து விழுகிறது ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1.3 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே மார்ச் இறுதி தொடங்கி செப்டம்பர்வரை வெயில் வடக்குச் சன்னலிலும், எஞ்சிய மாதங்களில் தெற்குச் சன்னலிலும் ஓரளவு படும்; ஆனால் நண்பகலில் அது உயரத்திலிருந்து வருவதால் சன்னலுக்கு மேலுள்ள சிறு விளிம்பே அதைத் தடுத்துவிடும். மேற்குக்கு அந்தச் சலுகை ஆண்டு முழுவதும் கிடையாது. 1982 சனவரி 1 முதல் நம் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னதாக ஓடுகிறது. நம் தீர்க்கரேகைக்கு இயல்பான நேரமோ 7 மணிக்கும் சற்றுக் குறைவு. அதனால் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்கு. அதன்பின் மேற்கே இறங்கத் தொடங்கி, 4 மணிக்கு ஏறத்தாழ 45 பாகை உயரத்திலும், ஐந்தரை மணிக்கு 25 பாகை அளவிலும் நின்று, நேராக உங்கள் சோஃபாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த விளிம்பும் அதைத் தடுக்காது. திரை ஒன்றுதான் தடுக்கும்.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து துணியில் பட்ட பிறகு, துணி உறிஞ்சிய வெப்பம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியே மறைப்பதுதான் மிகச் சிறந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வெளிச்சுவரில் நம் விருப்பத்துக்கு எதையும் மாட்ட முடியாது என்பதால் அது நமக்குக் கைகூடாது. எனவே திரையின் கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ இருக்கட்டும்; வந்த ஒளியில் ஒரு பங்கு அதே கண்ணாடி வழியாகத் திரும்பிப் போகும். அறையைப் பார்க்கும் பக்கம் உங்களுக்குப் பிடித்த எந்த நிறமாகவும் இருக்கலாம். கடையில் துணியின் முன்பக்கத்தை மட்டும் காட்டினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஜூரோங் வெஸ்ட் எழுதியது:

‘முழுத் தொகுப்பு’ விலையில் நான் சிக்கிய கதையைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். எல்லா அறைக்கும் ஒரே பிளாக்அவுட். துணியின் பின்னால் வெள்ளைப் பூச்சு பூசிய வகை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் மேற்குச் சன்னல் திரையை விலக்கும்போதெல்லாம் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியது. மடிப்பில் பூச்சும் பூச்சும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பழைய பேருந்து இருக்கையின் தோலைப் போல் செதில் செதிலாக உரிந்தது. உத்தரவாதம் திரை ஓடும் தண்டவாளத்துக்குத்தானாம், துணிக்கு இல்லையாம். சமையலறைச் சன்னலிலும் அதே கனத்த துணி! தாளிக்கும் புகை ஆறு மாதம் அதில் ஏறியபின் அந்தத் திரையைப் பிழிந்தால் எண்ணெயே வந்திருக்கும்.

தேக்காத் தையல் எழுதியது:

தம்பி ஜூரோங் வெஸ்ட், உங்களுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. பிளாக்அவுட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, துணியின் முதுகில் பூச்சு பூசுவது. மற்றொன்று, கறுப்பு நூலை நடுவில் வைத்து மூன்று அடுக்காக நெய்வது. நெய்த வகையில் சற்று ஒளி கசியலாம். ஆனால் அது உரியாது, துவைக்கலாம், மடிப்பும் மென்மையாக விழும். துணி மாதிரியைக் கைப்பேசி விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். பிறகு அதையே கசக்கி இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்து விரியுங்கள். பூச்சுள்ள துணியில் கோடு அப்படியே நிற்கும்.

இப்போது தங்கைக்கு. எஸ்-ஃபோல்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் துணி போதாவிட்டால் அது அலையாக விழாமல் நனைந்த வேட்டியைப் போல் தொங்கும். சன்னலின் அகலம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒளி கசியாமல் இருக்க இருபுறமும் 15 சென்டிமீட்டர் கூட்டினால் தண்டவாளம் 2.7 மீட்டர் ஆகும். அதற்கு இரு மடங்கு துணி, அதாவது 5.4 மீட்டர் வேண்டும்; மெல்லிய பகல் திரைக்கு இரண்டரை மடங்கு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். விலை மலிவாகத் தெரியும் இடங்களில் பெரும்பாலும் இந்த மடங்கில்தான் கை வைத்திருப்பார்கள். ஆகையால் ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்பதற்கு முன் ‘எத்தனை மடங்கு’ என்று கேளுங்கள். 2.8 மீட்டர் அகலத் துணியாகப் பார்த்துப் படுக்கவைத்து வெட்டினால் உங்கள் கூரை உயரத்துக்கு ஒட்டுத் தையலே வராது. 1.4 மீட்டர் அகலத் துணியென்றால் நெடுக ஒட்டுப் போட வேண்டியிருக்கும். பூ வேலைப்பாடு இருந்தால் அதைப் பொருத்துவதற்கே துணி வீணாகும்.

பருத்தியும் லினனும் முதல் துவைப்பில் சுருங்கும். துணியை ஊறப்போட்டு உலர்த்திய பிறகு வெட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடிமடிப்பை 15 சென்டிமீட்டர் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பிறகு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடிவந்து, போன ஆண்டுத் திரை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று கேட்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். பகலில் தூங்கும் வாரங்கள் உண்டு. பிளாக்அவுட் அறையை முழுக்க இருட்டாக்கும் என்பது உண்மை, ஆனால் இருட்டாக்குவது துணி மட்டும் அன்று. மேலே தண்டவாளத்துக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுவதும் பரவும். உருளையில் சுருண்டு ஏறும் ரோலர் பிளைண்ட் என்றால் இரு பக்கமும் தாங்கிகளுக்காக விரலகலம் இடைவெளி விடுவார்கள். காலை ஏழரைக்கு அந்த இரண்டு கோடுகளும் மின்விளக்கைப் போல் எரியும். நான் கடைசியில் கூரையிலிருந்தே தொங்கும் துணித் திரைக்கு மாறினேன். உங்களுக்குப் பகல் தூக்கம் தேவையில்லை என்றால் எல்லா அறைக்கும் பிளாக்அவுட் போடுவது வீண், வெளிச்சத்தை ஓரளவு மட்டும் மறைக்கும் டிம்அவுட் போதும்.

பதினாறாம் மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நிழல்நாடி ஐயா சொன்னபடி சனிக்கிழமை போய் நின்றோம். நான்கரை மணிக்கு வெயில் கூடத்தின் நடுவே தொலைக்காட்சி வைக்க நினைத்த சுவர்வரை வந்தது. ஐந்தரைக்குத் தரையோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. ஆனால் எதிர்பாராத வேறொன்றும் தெரிந்தது: சன்னலைத் திறந்தால் மேற்கிலிருந்து நல்ல காற்று வருகிறது. வெயிலும் காற்றும் ஒரே பக்கம்! வெயிலுக்காகத் திரையை மூடினால் மாமியார் விரும்பும் காற்று நின்றுவிடுகிறது. முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பழைய திரையொன்று அங்கே தொங்கியது. அது காற்றில் உப்பி, கம்பிகளுக்கு நடுவே வெளியே போய் உரசிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் முழுவதும் கம்பியின் கறை.

வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் போதுமே, எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம் என்கிறார் மாமியார். அது இங்கே சரிவருமா? மற்றொரு கேள்வி: எங்கள் சன்னல்கள் வெளியே திறப்பவை, உள்பக்கம் கம்பிக்கதவு இருக்கிறது. இதற்குள் பிளைண்ட் பொருந்துமா?

நிழல்நாடி எழுதியது:

மாமியார் சொல்வது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. சித்திரை வெயிலில் காற்று வறண்டிருக்கும்போது தட்டியில் தெளித்த நீர் விரைவாக ஆவியாகி, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். ஏற்கெனவே நீர் நிறைந்த காற்றில் தட்டி மெதுவாகத்தான் உலரும். குளிர்ச்சி சிறிதளவே கிடைக்கும், பூஞ்சை நிறையவே கிடைக்கும். மணத்துக்காக வேண்டுமானால் ஒரு சிறு கட்டைப் பூசையறையில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

ஆனால் தட்டி என்ற எண்ணத்தை முழுவதும் கைவிட வேண்டாம். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் கடைப்பெயர் எழுதிய மூங்கில் தட்டிகளை வரிசையாக இறக்கிவிட்டிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, கீற்றுகளின் இடுக்கு வழியாகக் காற்றை மட்டும் விடுவதுதான் அதன் வேலை. உங்கள் கூடத்துக்குத் தேவையானதும் அதுவே. இன்று அதற்கு அருகில் வருபவை இரண்டு. ஒன்று, 50 மில்லிமீட்டர் பட்டையுள்ள வெனீஷியன் பிளைண்ட். பட்டைகளை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்தால் நேர்வெயில் மறைந்துவிடும், காற்று இடுக்கு வழியாக வரும், எதிர் புளோக்கின் பார்வையும் தடைபடும். ஐந்தரை மணிக்குமேல் இன்னும் சற்று மூட வேண்டும்; அவ்வளவுதான். மற்றொன்று, நுண்துளையுள்ள வலைத்துணியில் செய்த ரோலர் பிளைண்ட். 3 விழுக்காடு, 5 விழுக்காடு என்று துளையின் அளவைக் குறிப்பார்கள். எண் குறையக் குறைய வெயில் குறையும், வெளிக்காட்சியும் குறையும். மேற்குக்கு 3 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். ஆனால் இதில் காற்று பெரிதாக வராது, அத்துடன் இரவில் விளக்கைப் போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் நீங்கள் அவர்களைப் பார்ப்பீர்கள், அவர்கள் உங்களைப் பார்க்க முடியாது. ஏழரைக்குப்பின் அவர்களுக்கு நீங்கள் நிழற்கூத்து. மெல்லிய பகல் திரைக்கும் இதே கதைதான்.

கம்பிக்கதவு பற்றி: கம்பியின் பூட்டும் சன்னலின் கைப்பிடியும் எவ்வளவு முன்னே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். சன்னல் குழிக்குள் பிளைண்ட் வைத்தால், கம்பிக்கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளைண்டை முழுவதும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். காற்று அடிக்கும்போது அடிச்சட்டம் கம்பியில் மோதி இரவெல்லாம் டக் டக் என்று கதவைத் தட்டும் ஒலி வேறு. உங்கள் வீட்டில் குழிக்கு வெளியே, சுவரின் மேலோ கூரையிலோ பொருத்துவதுதான் ஒத்துவரும். அடிச்சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளையும் கேட்டு வாங்குங்கள்.

ஜூரோங் வெஸ்ட் எழுதியது:

வெனீஷியன் என்றால் பட்டை பட்டையாகத் தூசி துடைக்க யாருக்கு நேரம், ஐயா? 2013 ஜூன் புகைமூட்டத்தின்போது, மாசுக்குறியீடு 401ஐத் தொட்ட அந்த வாரத்தில், எங்கள் வீட்டு பிளைண்டில் படிந்ததைத் துடைத்த என் மனைவி அன்றே அதைக் கழற்றி எறிந்துவிட்டார்.

தேக்காத் தையல் எழுதியது:

துடைக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை இழுத்தால் பத்து நிமிட வேலை. துணித் திரையும் தூசியைச் சாப்பிடாமல் இல்லை. அது மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது துவைக்க வேண்டும். நனைந்த திரையின் கனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு சன்னலுக்கு ஒரே அகலத் திரையாக இல்லாமல் இரண்டு துண்டாகத் தையுங்கள். சலவை இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போடலாம். சற்று ஈரமாகவே மீண்டும் மாட்டிவிட்டால் தன் கனத்திலேயே சுருக்கம் போய்விடும், இஸ்திரி தேவையில்லை.

திரையைக் கழற்ற ஏணி போடும் நேரத்தில் கம்பிக்கதவு பூட்டியிருக்க வேண்டும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் இதை மறக்கவே கூடாது. வெளியே பார்த்த சன்னலை அவர் சுத்தம் செய்ய வேண்டுமானால், கம்பி பூட்டப்பட்டிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் உடனிருந்து கண்காணிக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2012லேயே விதித்திருக்கிறது.

குழந்தை இருக்கிறான் என்றீர்கள். சங்கிலியோ கயிறோ வளையமாகத் தொங்கும் எந்த பிளைண்டும் அவன் எட்டும் உயரத்தில் வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஓசையே எழாது. பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது. கயிறில்லாத வகை கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். ஏற்கெனவே சங்கிலியோடு வாங்கியிருந்தால் அதைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் தாங்கியைப் பொருத்துங்கள். சன்னலின் கீழே சோஃபாவையோ கட்டிலையோ போட்டு அவனுக்கு ஏறுபடி அமைத்துக் கொடுக்காதீர்கள். பூசை மாடம் சன்னல் பக்கம் வருவதாக இருந்தால் விளக்குக்கும் துணிக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். நேற்றைய உங்கள் திரை கம்பிக்கு வெளியே பறந்தது, நாளைய திரை தீபத்தின் பக்கம் பறக்கும்.

தோ பாயோ பழைய புளோக் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. புதுப்பிப்பு நடக்கும்போதே பொய்க்கூரை போடுகிறவரிடம் சொல்லி, தண்டவாளம் வரும் இடத்தில் உள்ளே ஒட்டுப்பலகை வைக்கச் சொல்லுங்கள். வெறும் ஜிப்சம் பலகையில் திருகிய தண்டவாளம் எங்கள் வீட்டில் துணியோடு சேர்ந்து இறங்கி வந்தது. சன்னல் பழையதாக இருந்தால் அதைப் பிணைத்திருக்கும் ரிவெட் ஆணிகளையும் பாருங்கள். வெளியே திறக்கும் சன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தால் அதை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம்.

பதினாறாம் மாடி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறேன். இழையைத் தொடங்கியவள் முடிவைச் சொல்லாமல் போவது முறையன்று.

கூடத்துக்கு 50 மில்லிமீட்டர் பட்டையுள்ள வெள்ளை வெனீஷியன், கயிறில்லாதது, சுவரின் மேல் பொருத்தியது. அதன்மேல் கூரையிலிருந்து பக்கவாட்டில் மட்டும் இரு துண்டு துணித் திரை, இரவில் இழுத்துவிடுகிறோம். கணவரும் நானும் போட்ட சண்டையில் இருவருமே பாதி வென்றதாகச் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் படுக்கையறைக்கு மூன்றடுக்காக நெய்த துணி, பின்பக்கம் வெளிர்நிறம், இரண்டு மடங்கு. மாமியாரின் அறைக்கு டிம்அவுட். இருட்டில் எழுந்து தடுமாற அவருக்கு விருப்பமில்லை. தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய துணி, மேல்பாதி திறந்தே இருக்கிறது. நடந்து போகிறவர் தலை தெரிகிறது, அறை தெரியவில்லை. சமையலறைக்கு மெல்லிய அலுமினியப் பட்டை. சவர்க்கார நீரில் துடைத்தால் போதும். மொத்தச் செலவு அந்தத் தொகுப்பு விலையைவிட 240 வெள்ளி கூடுதல். ஆனால் சமையலறைக்கும் தாழ்வார அறைக்கும் பிளாக்அவுட் போடாததில் மிஞ்சியதுதான் கூடத்துக்கு உதவியது.

போன செவ்வாய் விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து வரும் அந்தத் திடீர்ப் புயல்மழை அடித்தது. ஐந்து மணிக்கு எழுந்து ஓடி வருவதற்குள் கூடத்துத் துணித் திரையின் அடிப்பக்கம் முழங்கால் உயரம் நனைந்துவிட்டது. தேக்காத் தையல் அக்கா, அடிமடிப்பில் கனத்துக்காக ஈயச் சங்கிலி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதோடு துவைத்தால் துரு ஏறுமா, பிரித்து எடுத்துவிட வேண்டுமா?

தேக்காத் தையல் எழுதியது:

ஈயம் துருப்பிடிக்காது தங்கை, ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்க வேண்டாம். மடிப்பின் ஓரத்தில் நான்கு தையலைப் பிரித்தால் சங்கிலி முழுவதும் உருவி வந்துவிடும். பதிலுக்குத் துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி கிடைக்கிறது. எடுக்கும்போது திரையின் எந்த மூலையில் பிரித்தீர்கள் என்று ஒரு வண்ண நூலால் அடையாளம் வையுங்கள். நுழைப்பதற்கும் அதே வழிதான்.